வேடிக்கை பார்த்தவர்

நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கிடங்கில் வேலை. வருவதெல்லாம் அட்டைப்பெட்டிகள். ஒரே அளவு மரப்பலகையில் அடுக்கி, பிளாஸ்டிக் தாள் சுற்றி வரும். பாதித் தூக்கத்தில்கூடத் தூக்கி வைத்துவிடலாம். புதிதாகச் சேரும் பையன்கள், "ரொம்ப வெயிட்டான லோடுன்னா பயமா இருக்குமாண்ணே?" என்று கேட்பார்கள். வெயிட்டுக்கு எனக்குப் பயம் கிடையாது, நீளத்துக்குத்தான் பயம் என்று சொல்வேன். அதற்குமேல் எதுவும் சொன்னதில்லை.

சொந்த ஊர் மடவார் வளாகம். அப்படிச் சொன்னால் இங்கே யாருக்கும் புரியாது. ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் உடனே பால்கோவா என்பார்கள். சரி என்று விட்டுவிடுவேன். எங்கள் வீட்டுக்கு ஆண்டாள் கோயிலைவிட வைத்தியநாத சுவாமி கோயில்தான் பக்கம். திருமலை நாயக்கரின் வயிற்று வலி இங்கே வந்துதான் தீர்ந்தது என்று ஊரில் ஒரு கதை உண்டு. சின்ன வயதில் எங்களுக்கு என்ன வலி வந்தாலும் அம்மா திருநீற்றைப் பூசிவிட்டு நாயக்கர் கதையை ஆரம்பித்துவிடுவாள்.

அப்பா ராஜபாளையத்தில் லோடுமேன். 1936-இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கியதிலிருந்து அந்த ஊரின் பிழைப்பு பஞ்சையும் நூலையும் சுற்றித்தான். அப்பா செட்டில் எட்டுப் பேர். பஞ்சுப் பொதி, நூல் மூட்டை, சிமெண்ட், இரும்பு என எது வந்தாலும் ஏற்றி இறக்குவார்கள். அந்த எட்டில் ஒருவர் அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி. எனக்கு மாமா. இரண்டு பேரும் காலையில் ஒரே சைக்கிளில் போய், சாயங்காலம் ஒரே சைக்கிளில் திரும்புவார்கள்.

மூட்டை தூக்குவதைப் பற்றி அப்பா பேசியதே இல்லை. நீளமான சாமானைப் பற்றித்தான் பேசுவார். 20 அடி ஐ-பீம் வந்திருக்கும். 200 மில்லிமீட்டர் உயரமுள்ள பீம் மீட்டருக்குக் கிட்டத்தட்ட 25 கிலோ, ஆக ஒன்று 150 கிலோவுக்கு மேல். ஆறு பேர் தூக்கினால் ஆளுக்கு 25 கிலோதானே என்று நான் பள்ளிக்கூடக் கணக்குப் போட்டுக் காட்டினேன். அப்பா சிரித்தார். "நட்ட நடு ரோட்டுல ஒருத்தன் குழியில கால வச்சான்னா அவன் தோள் எறங்கிரும்டா. அவன் பங்கு யார் தோளுக்குப் போவும்னு உன் கணக்குல இருக்கா?" இல்லை. குட்டையான ஆள் எங்கே நிற்க வேண்டும், முன்னால் போகிறவன் எந்தக் காலை முதலில் வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குள் பேசாமலேயே நடக்கும். பேசுகிறவர் ஒருவர்தான். வால் பக்கம் நிற்கிறவர். முன்னால் இருக்கிறவனுக்குப் பாதை தெரியும், நடுவில் இருக்கிறவனுக்குப் பாரம் தெரியும், வாலில் இருக்கிறவனுக்குத்தான் முழு நீளமும் தெரியும். மாமா எப்போதும் வால்.

இதில் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புதிதாக எதுவும் இல்லை. ஆடிப்பூரத் தேர் பார்த்து வளர்ந்தவர்கள். வடம் பிடிக்கிற கூட்டத்தைத்தான் எல்லோரும் போட்டோ எடுப்பார்கள். தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிற ஆட்கள். அந்தக் காலத்தில் தேர் நிலைக்கு வர நாள்கணக்கில் ஆகும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்த பிறகும் கட்டை போடும் ஆள் இல்லாமல் தேர் நகராது. உருண்டு வரும் சக்கரத்துக்கு முன்னால் கட்டையை வைத்துவிட்டுக் கையை எடுக்கும் அந்த ஒரு நொடியை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன்.

2016-இல் டிப்ளமோ முடித்துவிட்டுச் சும்மா இருந்தேன். பழைய மில் கட்டடங்களைப் பிரித்து விற்கிற ஒரு காண்ட்ராக்டர், கார் ஓட்டத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அப்படியானால் இதையும் ஓட்டலாம் என்று மூன்று டன் ஃபோர்க்லிஃப்டில் ஏற்றிவிட்டார். பயிற்சி ஒரு சாயங்காலம். ஸ்டீயரிங் பின்சக்கரத்தில் இருக்கிறது, அதனால் திரும்பும்போது பின்பக்கம் எதிர்த்திசையில் வீசும் என்பது மட்டும் சுவரை ஒரு தடவை இடித்துப் புரிந்தது.

மீதியைப் பல வருஷம் கழித்து முறையான பயிற்சியில்தான் கற்றுக்கொண்டேன். மூன்று டன் வண்டி மூன்று டன் தூக்கும் என்பது பாதி உண்மை. பாரத்தின் மையம், ஃபோர்க்கின் அடியிலிருந்து அரை மீட்டருக்குள் இருந்தால்தான் மூன்று டன். மையம் தள்ளிப் போகப் போகத் தூக்கும் திறன் குறையும். வண்டிக்கு நான்கு சக்கரம் இருந்தாலும் அது நிற்பது மூன்று புள்ளியில்: முன்சக்கரம் இரண்டு, பின் அச்சின் நடு ஒன்று. பாரமும் வண்டியும் சேர்ந்த மையம் அந்த முக்கோணத்தைத் தாண்டினால் கவிழும். நீள பாரத்துக்கு இன்னொன்று உண்டு. 6 மீட்டர் பீமைக் குறுக்காகத் தூக்கிக்கொண்டு வண்டி ஐந்து டிகிரி திரும்பினால், இருக்கையில் இருப்பவனுக்குத் திரும்பியதே தெரியாது. நுனி ஒரு சாணுக்கு மேல் நகர்ந்திருக்கும். அங்கே யார் நிற்கிறார்கள் என்று கம்பத்துக்கும் சங்கிலிக்கும் நடுவே அவனுக்குச் சரியாகத் தெரியாது.

அதனால்தான் ஃபோர்க்லிஃப்ட் வந்த பிறகும் வாலில் ஓர் ஆள் தேவைப்பட்டார். எட்டுப் பேர் செட் கலைந்தது. மூன்று பேர் திருப்பூர் போனார்கள். அப்பாவுக்கு முதுகு போய்விட்டிருந்தது, வீட்டில் இருந்தார். மாமாவை மட்டும் காண்ட்ராக்டர் கூப்பிட்டுக்கொண்டார். நான் தூக்குவேன், மாமா நுனியைப் பிடித்து நேராக்குவார், அடிக்கட்டை வைப்பார், கயிறு போடுவார், பின்னால் சிவப்புத் துணி கட்டுவார். அன்றன்றைக்குக் கூலி. கையெழுத்து எதிலும் கிடையாது.

அன்றைக்கு ஒரு ஷெட்டிலிருந்து பிரித்த பீம்கள். எல்லாம் 20 அடி. ஏற்ற வேண்டியது டிராக்டர் டிரெய்லரில். முறைப்படி செய்வதென்றால் டிரெய்லரைப் பக்கவாட்டில் நிறுத்தி, பீமை நடுவில் தூக்கி, மேலே கொண்டுபோய் இறக்க வேண்டும். அதற்கு இடம் வேண்டும். அந்த வளாகத்தில் கேட் 14 அடி. பீமைக் குறுக்கே தூக்கிக்கொண்டு வெளியே வர முடியாது. டிராக்டர் உள்ளே வந்தால் திரும்ப முடியாது. உள்ளே கிடந்த பழைய மெஷின்களைக் கிரேன் வைத்து அப்புறப்படுத்தினால் இரண்டும் முடியும். ஆனால் கிரேனுக்கு வாடகை.

ஆகவே டிரெய்லரின் பின்பக்கத்தைக் கேட்டை ஒட்டி நிறுத்தி, நீளவாக்கில் சொருகலாம் என்று முடிவு. பீமின் ஒரு நுனியை டிரெய்லரின் பின்விளிம்பில் வைப்பது. மறு நுனி ஃபோர்க் மேல். வண்டியை முன்னால் நகர்த்தித் தள்ளுவது. இடையில் விளிம்பில் உராயாமல் இருக்க ஓர் அடிக்கட்டை. அதை நகர்த்தி நகர்த்தி வைக்க மாமா.

நான்கு பீம் நன்றாகவே போனது. ஐந்தாவதைத் தள்ளும்போது டிராக்டர்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். பிரேக் போட்டிருந்தாரா என்று நான் பார்க்கவில்லை. டிரெய்லர் சக்கரத்துக்கு முட்டு கொடுத்திருந்ததா என்றும் பார்க்கவில்லை. நான் தள்ளினேன். பீம் டிரெய்லருக்குள் போகவில்லை, டிரெய்லர் பீமோடு சேர்ந்து முன்னால் போனது. ஒரு முழம் இருக்கும். பீமின் நுனி விளிம்பிலிருந்து நழுவி விழுந்தது. மாமாவின் இடது கை அடிக்கட்டையின் மேல் இருந்தது.

அவர் கத்தவில்லை. "மாப்ள, தூக்கு" என்றார். அவ்வளவுதான். எனக்குக் கை ஓடவில்லை. எந்த லீவரை இழுத்தால் மேலே போகும் என்பது மறந்துபோயிற்று. "மேல தூக்குடா மாப்ள" என்று மறுபடியும் பொறுமையாகச் சொன்னார்.

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. ஆஸ்பத்திரியில் கையைச் சுற்றியிருந்த கட்டுத்துணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ராஜபாளையத்துக்குப் பக்கத்துச் சத்திரப்பட்டி அந்தத் துணிக்குப் பேர்போனது. தெருவெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் காயும். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அழகாக இருக்கிறது என்று நினைத்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் காண்ட்ராக்டர் ஒரு தாள் கொண்டுவந்தார். சம்பவத்தன்று இன்னார் அங்கே வேலையில் இல்லை, என்னைப் பார்க்க வந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர், எச்சரித்தும் கேட்காமல் கிட்டே வந்தார் என்று எழுதியிருந்தது. ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் அவர் பார்த்துக்கொள்வார், கையில் 25 ஆயிரம் தருவார். இல்லையென்றால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது நான், கேஸ் என் மேல்தான் வரும் என்றார். ஓட்டச் சொன்னவரே அதைச் சொன்னார்.

மாமா, "போடு மாப்ள" என்றார். போட்டேன்.

2019-இல், ஸ்ரீபெரும்புதூர் வந்த பிறகு, ஒரு சங்கக் கூட்டத்தில் வக்கீல் ஒருவர் பேசினார். 1923-ஆம் வருஷத்து இழப்பீட்டுச் சட்டத்தில் ஓர் அட்டவணை இருந்தது. எந்த உறுப்பு போனால் எத்தனை சதவீதம் என்று வரிசையாகப் போட்டிருந்தது. ஒரு கையில் இரண்டு விரல் என்றால் 20 சதவீதம். யாருக்கோ நடந்த மாதிரி கேட்டேன்: 50 வயது, அன்றாடக் கூலி, 2016. அவர் தாளில் போட்டுக் காட்டினார். அன்றைய உச்சவரம்புக் கூலி மாதம் 8,000, அதில் 60 சதவீதம், 50 வயதுக்கான பெருக்கல் எண் 153.09, அதில் 20 சதவீதம். 1,46,966 ரூபாய். "ரெண்டு வருஷத்துக்குள்ள மனு போடணும். தாண்டிருச்சுன்னா தாமதத்துக்குக் காரணம் சொல்லணும். என்ன காரணம்?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த காரணத்தை அவரிடம் சொல்லவில்லை.

தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென்று 1982-லேயே சட்டம் இருக்கிறது, வாரியம் இருக்கிறது. அப்பாவிடம் அட்டை இருந்தது. மாமா புதுப்பிக்காமல் விட்டிருந்தார். அதைச் சொல்லி மாமாவைத் திட்டினேன், போனில். யார் யாரைத் திட்டுவது!

கேரள லாரிக்காரர்கள் எங்கள் வழியாகத் தென்காசி, புனலூர் என்று போவார்கள். அவர்களிடம் கேட்ட சொல் ஒன்று உண்டு: நோக்குக்கூலி. கிரேனோ ஃபோர்க்லிஃப்டோ சரக்கை இறக்கினாலும், சங்கத்து ஆட்கள் நின்று பார்த்ததற்குக் கூலி கேட்பது. 2018 மே 1-ஆம் தேதியிலிருந்து அங்கே அரசே அதை ஒழித்துவிட்டது. இந்த வழக்கத்தைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் இல்லை. எனக்கு அது கொள்ளை என்றும் தோன்றும், மெஷின் வந்தபோது தங்கள் பங்கைக் கேட்கத் தெரிந்தவர்கள் என்றும் தோன்றும். இரண்டையும் ஒரே நேரத்தில் நினைக்க முடிகிறது. அங்கே பார்த்ததற்குக் கூலி கேட்டார்கள். இங்கே வேலை செய்தவரை வேடிக்கை பார்த்தார் என்று எழுதி, நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

இந்த ஆடிப்பூரத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். வக்கீல் எழுதிக் கொடுத்த தாள் இத்தனை வருஷமாக என் பர்ஸில் மடிந்து கிடக்கிறது. அதை மாமாவிடம் காட்டினேன். கண்ணாடி போடாமல் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். "ஒன்னே முக்கா லட்சமா?" என்றார். ஒன்றரைக்கும் கொஞ்சம் கம்மி என்றேன். "அப்ப அக்கா மகளுக்குக் காது குத்தியிருக்கலாம்" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். கோபமாகச் சொன்னாரா, கிண்டலாகச் சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரே ஹார்டுவேர் கடைக்கு ஒரு டிராக்டர் வந்து நின்றது. 20 அடிக் குழாய்கள். பின்னால் நீட்டிக்கொண்டிருந்தன. இப்போது அதற்கு 20,000 ரூபாய் அபராதம் உண்டு, ஆனாலும் நீட்டிக்கொண்டுதான் போகின்றன. பையன்கள் இரண்டு பேர் மேலே ஏறி, கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்கள். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். யாரும் கூப்பிடவில்லை. நேராகப் போய்க் குழாயின் வால் பக்கம் நின்று, வலது கையை நுனியில் வைத்துக்கொண்டு, "தம்பி, அவுக்காத, பொறு" என்றார்.

நான் சாக்கடை ஓரமாகக் கிடந்த கல்லில் பெரிதாக ஒன்றைப் பார்த்து எடுத்துக்கொண்டு, டிரெய்லரின் முன்சக்கரத்துக்கு ஓடினேன்.