வாடகைத் திண்ணை

தாலுகா போர்டு கூட்டத்தை வாய் திறக்காமல் பார்க்க மனுக்காரர்கள் பெஞ்சுதான் சரியான இடம். அங்கே உட்கார்ந்திருப்பவனை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. 1919-ஆம் வருஷத்துக் கோடை. காவிரிப் பாசனத்தில் ஒரு தாலுகா என்று வைத்துக்கொள்வோம், பெயர் எதற்கு? சென்னை ராஜதானியில் அன்று எந்தத் தாலுகாவுக்குள் நுழைந்திருந்தாலும் ஏறக்குறைய இப்படி ஒரு கூட்டம்தான் நடந்துகொண்டிருக்கும். மேலே பங்கா அசைகிறது. வராந்தாவில் கயிற்றை இழுக்கிற பையன் பாதித் தூக்கத்தில் இருக்கிறான். பள்ளிக்கூடம் போகிற வயசு.

பிரசிடென்ட் ஒரு மிராசுதார். பக்கத்தில் தாசில்தார், அவருக்கு அடுத்தபடி ஒரு வக்கீல், பிறகு வரிசையாக ஜரிகை அங்கவஸ்திரங்கள். ஹெட் கிளார்க் நின்றுகொண்டே அஜெண்டாவை வாசிக்கிறார். தாள் இங்கிலீஷில், விளக்கம் தமிழில். ரோட்டுக்குக் கப்பி போடும் விஷயம் வந்ததும் எல்லாரும் நிமிர்கிறார்கள். எந்த மைல் கல்லிலிருந்து எந்த மைல் கல் வரை, கண்ட்ராக்ட் யாருக்கு, போன வருஷம் கொட்டிய கப்பி எங்கே போயிற்று என்று பேச்சு நீள்கிறது. பள்ளிக்கூடம் கடைசி ஐட்டம். அதற்குள் இரண்டு அங்கவஸ்திரங்கள் கிளம்பிவிட்டன.

போர்டின் கையில் இருப்பதும் கொஞ்சம்தான். 1884-ஆம் வருஷத்து லோக்கல் போர்டு சட்டப்படி, நிலத்தின் குத்தகை மதிப்பில் ரூபாய்க்கு ஓர் அணா வரை செஸ். கிஸ்தியோடு சேர்த்துப் பட்டாமணியம் வசூல் செய்து கட்டுகிற பணம் அது. பாதி ஜில்லா போர்டுக்கு, பாதி தாலுகா போர்டுக்கு. சுங்கச் சாவடி, சந்தை, படகுத்துறைக் குத்தகை என்று சில்லறை வரவும் உண்டு. அதற்குள் ரோடு, ஆஸ்பத்திரி, சத்திரம், அம்மை குத்துவது எல்லாம் முடிந்து மிஞ்சினால் பள்ளிக்கூடம். அதற்கும் முன்னால், 1871-ல், பள்ளிக்கென்றே வீட்டு வரி போட ஒரு சட்டம் இடம் கொடுத்தது. ஜனங்கள் அதை அடியோடு வெறுத்தார்கள். ஹோபார்ட் பிரபு கவர்னராக இருந்தபோது கைவிட்டாயிற்று. வரி கட்ட மனசில்லாத ஊரும், வரி கேட்கத் தயங்கிய சர்க்காரும் சேர்ந்து பள்ளிக்கூடத்தைக் கொண்டுபோய் யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்த்திவைத்தன.

இன்றைய ஐட்டமும் ஒரு திண்ணைதான். மேலத்தெருவில் ஓட்டு வீடு. வாசலுக்கு இருபுறமும் திண்ணை, நான்கு மரத்தூண். ஒரு தூணில் தண்டவாளத் துண்டு தொங்குகிறது, அதுதான் மணி. கீழே மணல் பரப்பி, சின்னப் பிள்ளைகள் விரலால் அனா ஆவன்னா எழுதுகின்றன. பலகை வைத்திருப்பவர்கள் தூண் ஓரம். வாத்தியாருக்கு ஒரு முக்காலி, பூட்டுப் போட்ட மரப்பெட்டி, அதற்குள் ரிஜிஸ்டர். அறுவடை சமயத்தில் ஒரு திண்ணை நெல் மூட்டைக்குப் போய்விடும். எல்லாரும் மறு திண்ணைக்கு ஒண்டுவார்கள். வீட்டுக்காரர் மாப்பிள்ளை வந்துவிட்டால் பள்ளிக்கு லீவு. வாடகை பாக்கி நிற்பதால் வாத்தியார் வீட்டுக்காரரிடம் வாயைத் திறப்பதில்லை.

தெருவைத் தாண்டி ஒரு புங்கமரம். அதன் கீழே இரண்டு பையன்கள், சேரியிலிருந்து வருகிறவர்கள். மணலில் எழுதிவிட்டு எழுந்து நகர்ந்துகொள்வார்கள். வாத்தியார் தோதுப்பட்டபோது திண்ணை ஓரத்துக்கு வந்து எட்டிப் பார்த்து, 'சரி' என்பார், அல்லது 'அழிச்சு எழுது' என்பார். ரிஜிஸ்டரில் இவர்கள் பெயர் இருக்கிறது. டெபுடி இன்ஸ்பெக்டர் கேட்டால் காட்டலாம்.

இப்படிப் பெயரளவில் சேர்க்கப்பட்டவர்கள்கூட அபூர்வம். அந்த வருஷம் மார்ச்சில் சர்க்கார் போட்ட உத்தரவே கணக்கைச் சொல்கிறது: ராஜதானியில் பொது நிர்வாகத்தில் இருந்த 8,157 பள்ளிகளில் பஞ்சமப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டவை 609. காரணமும் மறைக்கவில்லை. பள்ளிகள் இருக்கிற இடம் அக்கிரகாரம், சாவடி, கோயில். இல்லாவிட்டால் வாடகை வீடு, வீட்டுக்காரர் சம்மதிப்பதில்லை. பொதுப் பள்ளியில் யாரையும் ஒதுக்கக் கூடாது என்று உத்தரவு. அந்த நகல்தான் ஹெட் கிளார்க் கையில். கூடவே வீட்டுக்காரர் எழுதிய ஒரு கடுதாசி: அப்படிச் சேர்ப்பதானால் வருகிற முதல் தேதி இடத்தைக் காலி செய்துகொடுக்க வேண்டியது.

வக்கீல்தான் ஆரம்பிக்கிறார். "உத்தரவு ஸ்பஷ்டமா இருக்கு. போர்டுப் பள்ளிக்கூடம்னா எல்லாருக்கும்தான்."

"வாஸ்தவம்," என்கிறார் பிரசிடென்ட். "வீடு யாருது?"

"வேற வீடு பாத்துக்கலாமே."

"அந்த ஊர்ல எந்த வீட்டுக்காரன் விடுவான்? உம்ம வீட்டைத் தர்றீரா?"

வக்கீல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். நல்ல மனுஷர்தான். அதற்குமேல் அவரிடம் வார்த்தை இல்லை.

"அப்போ போர்டே கட்டிட்டா என்ன?" கோடியிலிருந்து ஒரு குரல். புதுசாக வந்த மெம்பர் போலிருக்கிறது. மற்றவர்கள் சிரிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஹெட் கிளார்க் யாரும் கேட்காமலே பழைய ஃபைலைப் புரட்டுகிறார். அதே ஊருக்குக் கட்டடம் கட்டத் திட்டம் போயிருக்கிறது. பிளான், எஸ்டிமேட், ஜில்லா போர்டு எஞ்சினீயரிடம் பார்வைக்கு, அங்கிருந்து திருத்தத்துக்கு, மறுபடி பார்வைக்கு. சர்க்கார் மானியம் பாதி வரும், மீதியைப் போர்டு ஒதுக்க வேண்டும். ஒதுக்கிய வருஷம் மனை கிடைக்கவில்லை. மார்ச் 31 தாண்டியது, பணம் லாப்ஸ். மனை கிடைத்த வருஷம் வெள்ளம், பாலத்துக்குப் பணம் போயிற்று. ஃபைலின் ஓரத்தைக் கரையான் தின்றிருக்கிறது. அவர் அதை ஊதிவிட்டு மூடுகிறார்.

அடுத்த வருஷம் ஆரம்பக் கல்விச் சட்டம் வரப்போகிறது. போர்டு கல்வி வரி போட்டால் சர்க்காரும் அதே அளவு கொடுக்கும் என்று அதில் ஏற்பாடு. ஆனால் வரியைப் போட வேண்டியது இதே மேஜையைச் சுற்றியிருக்கிற நிலக்காரர்கள். அதில் பெரும்பங்கு கட்ட வேண்டியதும் அவர்கள். சேரிப் பிள்ளைகளின் காரியம் பிறகு லேபர் இலாகாவின் தலையில் விழுந்தது. 1920-களில் அந்த இலாகா சேரிக்குள்ளேயே தனிப் பள்ளிகள் திறந்துகொண்டே போயிற்று. இருக்கிற பள்ளியின் கதவைத் திறப்பதைவிட அது சுலபமாக இருந்தது.

இந்த மேஜையிலும் கடைசியில் அதே யோசனைதான் முளைக்கிறது. சொன்னவர் தாசில்தார். சேரிக்குப் பக்கத்தில் புறம்போக்கு இருக்கிறது, ஒரு கீற்றுக் கொட்டகை போட்டுவிடலாம், கட்டடச் செலவென்று பெரிதாக ஒன்றுமில்லை. மேலத்தெருப் பள்ளி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். எல்லார் முகத்திலும் நிம்மதி. வக்கீல்கூடத் தலையசைக்கிறார். ஹெட் கிளார்க் பேனாவை மையில் தோய்த்து எழுதுகிறார்: இன்னொரு வாத்தியாருக்குச் சம்பளம், இன்னொரு முக்காலி, இன்னொரு ரிஜிஸ்டர், கொட்டகைக்கு வருஷா வருஷம் கீற்று மாற்றும் செலவு. ஒரு கட்டடத்துக்குப் பணமில்லாத போர்டு, ஒரே ஊரில் இரண்டு பள்ளிக்கூடம் நடத்த ஏகமனதாகத் தீர்மானித்துவிட்டது.