பற்றரி மாற்றும் வீரன்

போன மார்கழியில் ஒருநாள், மூன்றரை மணிக்கே இருட்டிவிட்ட ஒரு பின்னேரம், உடுப்பு மடித்து வைக்க மகளின் அறைக்குள் போனேன். மேசையில் ஒரு படம் கிடந்தது. முள்ளம்பன்றி போலச் சிலிர்த்த மஞ்சள் தலைமயிர், உலகத்தோடு கோபித்த முகம். கட்டில் விளிம்பில் இருந்த அந்தப் பெடியனின் மடியில் ஒரு காதுக்கருவி. விரல் நுனியில் பொட்டளவு பற்றரி. அதில் ஒட்டியிருக்கும் செம்மஞ்சள் தாளை நகத்தால் உரிக்கப் பார்க்கிறான். அது உரிபடவில்லை.

அந்தத் தாளோடு பன்னிரண்டு வருடமாக மல்லுக்கட்டுகிறவள் என் மகள்.

"இது ஆர்?" என்று கேட்டேன்.

"பகுகோ."

"இவனுக்குக் காது கேளாதா?"

"கதையில கேட்கும் அம்மா. நாங்கள் கீறுற படங்களில கேட்காது."

பகுகோ வருவது 'மை ஹீரோ அகாடமியா' என்ற ஜப்பானியக் கதையில். கோஹெய் ஹொரிகோஷி 2014 முதல் 2024 வரை வார இதழ் ஒன்றில் கீறிய சித்திரக்கதை, மொத்தம் 430 அத்தியாயங்கள். 2016இல் அனிமேயாகவும் வந்தது. அந்த உலகத்தில் நூற்றுக்கு எண்பது பேருக்கு ஏதோ ஒரு அதிசய சக்தி உண்டு. பகுகோவின் வேர்வையே வெடிமருந்து. உள்ளங்கையை விரித்தால் வெடிக்கும். ரசிகர்கள் கேட்ட கேள்வி எளிமையானது: சின்ன வயதிலிருந்து முகத்துக்குப் பக்கத்திலேயே வெடி வெடிக்கிற ஒருவனுக்குக் காது பழுதாகாமல் இருக்குமா? ஷெல்லடிக்குள் வளர்ந்த எனக்கு அந்தக் கேள்வி உடனே விளங்கியது. கதை பேசாமல் விட்ட அந்த இடத்தை ரசிகர்கள் கீறி நிரப்பினார்கள். பல நாடுகளில் இருந்து பிள்ளைகள் அவனுக்குக் காதுக்கருவி மாட்டிவிட்டிருக்கிறார்கள். சிலதில் அவன் சைகைமொழியில் ஏசுகிறான். மகள் கீறிய ஒன்றில் அவன் ஏசுவது நோர்வீஜிய சைகைமொழியில். 2022 ஜனவரி முதல் அந்த மொழிக்கு இந்த நாட்டின் மொழிச்சட்டத்தில் இடம் உண்டு. எங்கள் வீட்டில் அவளுக்கு மட்டும்தான் அது தெரியும். என்ன சொல்கிறான் என்று கேட்டேன். "அம்மாமாருக்குச் சொல்லக் கூடாதது" என்றாள்.

இதையெல்லாம் விளங்கிக்கொள்ள அவளோடு இருந்து முதலாவது பகுதியைப் பார்த்தேன். கதாநாயகன் மிடோரியாவுக்கு நாலு வயது. சக்தி ஏன் இன்னும் வரவில்லை என்று தாய் வைத்தியரிடம் கூட்டிப்போகிறாள். வைத்தியர் சின்னவிரலின் எக்ஸ்றேயைக் காட்டி, இந்த மூட்டு இருப்பவர்களுக்குச் சக்தி வராது, ஆசையை விட்டுவிடு என்கிறார். வீட்டுக்கு வந்த பிள்ளை இருட்டு அறையில் கணினிக்கு முன்னால் இருந்து, தனக்குப் பிடித்த வீரனைப் பார்த்தபடி, நானும் இப்படி வரலாமா என்று தாயிடம் கேட்கிறான். தாய் ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுகிறாள். மன்னிப்புக் கேட்கிறாள். அவனுக்கு வேண்டியிருந்தது மன்னிப்பு இல்லை. வரலாம் என்ற ஒரு சொல்.

நான் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன்.

என் மகள் பிறந்தவுடன் செய்த செவிச் சோதனையில் ஒரு பிழையும் இல்லை. கேள்தன்மை குறைகிறது என்று தெரியவந்தது அவளுக்கும் நாலு வயதில்தான். அந்த அறையில் நான் முதலில் சொன்னது "ஐயோ, என்ர பிள்ளை". அவளுக்கு அது கேட்டதோ தெரியாது, என் முகத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் மறைப்பு வேலை. ஊருக்கு அனுப்பும் படங்களுக்கு முன்னால் தலைமயிரை இழுத்துக் காதுக்கு மேலே விடுவேன். பொங்கல் விழா, பிறந்தநாள் விழா எல்லாவற்றிலும் விரித்த தலைதான். ஒற்றைப் பின்னல் போட்டதில்லை. ஆறு வயதில் அவள் பரதநாட்டியம் பழகக் கேட்டாள். தாளம் பிடிக்கக் கஷ்டம் அம்மா என்று சொல்லி விட்டுவிட்டேன். தாளம் அல்லக் காரணம். ஆட்டத்துக்குத் தலையை வாரிக் கட்டினால் காது வெளியே தெரியும்.

ஜப்பானிய மூலத்தில் அந்த அதிசய சக்திக்குப் பெயர் 'கொசேய்'. தனித்தன்மை என்று பொருள். சக்தி இல்லாதவன் 'முகொசேய்', தனித்தன்மை அற்றவன். உடற்குறையும் ஒரு கொசேய்தான் என்று சொல்லும் வழக்கம் ஜப்பானில் இருக்கிறது. அப்படிச் சொல்வது ஆறுதலா, தட்டிக்கழிப்பா என்ற வாதமும் அங்கே உண்டு. மகள் இதைச் சொன்னபோது எனக்கு எங்கள் சொல் நினைவுக்கு வந்தது. 'ஊனமுற்றோர்' என்ற சொல் புண்படுத்துகிறது என்று, கலைஞர் கருணாநிதி முதலமைச்சராக இருந்த காலத்தில், தமிழ்நாட்டு அரசு 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லைக் கொண்டுவந்தது. இப்போது எங்கள் ஊர்ப் பத்திரிகைகளிலும் அதுதான். நல்ல மனதோடு வந்த சொல். பழையதை விட ஆயிரம் மடங்கு மேல். அதை மகளுக்கு விளங்கப்படுத்தினேன்.

"அப்ப என்ர மாற்றுத் திறன் என்ன? வௌவால் மாதிரி இருட்டில பறக்கிறதோ?" என்று கேட்டாள்.

சிரித்தேன், பதில் இல்லை. ஒன்றை எடுத்தால் இன்னொன்று தரப்பட்டிருக்க வேண்டும் என்று நாங்கள் கணக்குப் பார்க்கிறோம். வீரக் கதைகளும் அந்தக் கணக்கையே பார்க்கின்றன. 2012இல் அமெரிக்காவில், வீரர்கள் காதுக்கருவி போடுவதில்லை என்று சொல்லித் தன்னுடையதைப் போட மறுத்த ஒரு நாலு வயதுப் பையனுக்காக, மார்வல் நிறுவனம் 'புளூ இயர்' என்ற வீரனைக் கீறிக் கொடுத்தது. அந்த வீரனுக்குக் காதுக்கருவியே சக்தி. அந்த வயதுக்கு அது பெரிய கொடை. பதினாறு வயதுக்காரி கீறுவது வேறு. அவளுடைய பகுகோவுக்குக் காதுக்கருவி எந்தச் சக்தியும் தருவதில்லை. பஸ்ஸில் பற்றரி முடிகிறது. மழைக்குத் தொப்பியை இழுத்து மூடுகிறான். கூட்டத்தில் யாரோ சொன்ன பகிடிக்கு எல்லோரும் சிரித்த பிறகு பிந்திச் சிரிக்கிறான். அவ்வளவுதான். அடுத்த பக்கத்தில் சண்டைக்குப் போய்விடுவான்.

கதையின் முடிவு பற்றியும் ரசிகர்களுக்குள் சண்டை நடந்தது. மிடோரியா, இடையில் கிடைத்த சக்தியைக் கடைசிப் போரில் இழக்கிறான். பிறகு பாடசாலை ஆசிரியராகிறான். எட்டு வருடம் கழித்து, கூடப் படித்தவர்கள் காசு போட்டுச் செய்வித்த ஒரு இயந்திரக் கவசம் அவன் கைக்கு வருகிறது. அதோடு மறுபடி வீரனாகிறான். கவசம் வராமலே அவன் முழு மனிதனாக இருந்திருக்கலாமே என்றார்கள் சிலர். உதவிக்கருவி பாவிப்பதில் என்ன தோல்வி என்றார்கள் வேறு சிலர். இந்த நாட்டில் சக்கர நாற்காலியை நாவ் அலுவலகத்தின் உதவிக்கருவி நிலையம் இரவலாகத் தருகிறது. காதுக்கருவிக்கும் தேசியக் காப்புறுதி காசு கொடுக்கிறது. இங்கே பிறந்த என் மகளுக்கு வந்த சந்தேகம் ஒன்றே ஒன்று: "எட்டு வருஷம் ஏன் பிந்தினது? நாவுக்கு விண்ணப்பம் போடேல்லையோ?"

அடுத்து அவள் ஐசாவாவைக் கீறத் தொடங்கினாள். மிடோரியாவின் வகுப்பாசிரியர், போரில் ஒரு காலையும் ஒரு கண்ணையும் இழந்து, பொய்க்காலோடு மறுபடி வேலைக்கு வருகிறவர். படம் சரிவரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிளிநொச்சியில் இருக்கும் என் அண்ணனோடு வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்தபோது குறுக்கே வந்தாள்.

"மாமா, நீங்கள் காலைக் கழட்டினா எங்க வைப்பீங்கள்?"

எனக்கு நெஞ்சு பக்கென்றது. 2009இல் ஷெல் பட்டு அண்ணனுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. இத்தனை வருடமும் கமராவில் அவருக்கு நெஞ்சுக்கு மேலே மட்டும்தான் உண்டு. ஆட்கள் வந்தால் சாரத்தை இழுத்து விடுவார். நாங்களும் காணாததுபோல இருப்போம். மரியாதை என்று நினைத்துக்கொண்டோம்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கைபேசியைத் திருப்பினார். கதிரைக்குப் பக்கத்தில் கால் நின்றது, செருப்போடு. ஜெய்ப்பூர்க் கால். 1968இல் வைத்தியர் சேத்தியும் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் உருவாக்கியது. சப்பாத்துப் போடாத மண்ணுக்காக, குந்தியிருக்கிற மனிதருக்காகச் செய்த ரப்பர்ப் பாதம். வயலுக்குள் இறங்கலாம் என்றார் அண்ணன். வெக்கைக்கு உள்ளே வேர்க்கும், ஒருநாளைக்கு இரண்டு தரம் உறை மாற்ற வேணும், பொழுதுபட்டால் கழற்றிவிட்டுத்தான் தேத்தண்ணி என்றார். இருபது நிமிடம் கதைத்தார்கள். பதினைந்து வருடத்துக்கு மேலாக நான் கேட்காததெல்லாம் அந்த இருபது நிமிடத்தில் எனக்குத் தெரிந்தது.

மூன்று நாளில் படம் முடிந்தது. ஐசாவா கட்டம்போட்ட சாரத்தோடு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடிக்கிறார். கால் சுவரில் சாத்தியிருக்கிறது. அண்ணனுக்கு அனுப்பினோம். பதில் குரல்பதிவாக வந்தது: "சாரம் சரி பிள்ளை. ஆனா காலைச் சுவரில வைச்சா எழும்பேக்க கைக்கு எட்டாது. கதிரையோட சாத்திவிடு."

அவள் அழித்துத் திருத்திக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில் போய் இருந்தேன். நாட்டிய வகுப்புக்கு அனுப்பாததற்கு உண்மையான காரணத்தைச் சொன்னேன்.

"தெரியும் அம்மா" என்றாள், நிமிராமல். "எனக்கு அப்பவே தெரியும்."

பிறகு, அந்தச் சிவப்புப் பென்சிலை எடுத்துத் தாங்கோ, சாரத்தில் ஒரு கோடு விடுபட்டுவிட்டது என்றாள். எடுத்துக் கொடுத்தேன்.