படகு வாங்கிய கதை

கோவாவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் ஞாயிற்றுக்கிழமை எவ்வாறு கழிகிறது என்பதை நாம் விவரிக்கத் தேவையில்லை. காலையில் சந்தை, பகலில் உறக்கம், மாலையில் ஊருக்குத் தொலைபேசி. அத்துடன் பொழுது சாய்ந்துவிடும். வாஸ்கோவுக்கு மாற்றலாகி வந்த நாள்முதல் ஒன்பது ஆண்டுகள் நாமும் அவ்வாறே கழித்தோம். ஜுவாரி ஆறு அருகிலேயே கடல்போல் விரிந்து கிடந்தும், பாலத்தின்மேல் பேருந்து செல்லும்போது எட்டிப் பார்ப்பதோடு சரி.

சென்ற ஆண்டு அவ்வழக்கம் மாறியது. இருவர் அமர்ந்து துடுப்பு வலிக்கும் கயாக் என்னும் படகு ஒன்றை வாங்கினோம். அதைக் கண்ட அன்பர் பலரும், "எதைப் பார்த்து வாங்க வேண்டும்?" என்று கேட்டு வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை கூறுவதினும் இங்கே எழுதிவிடுவது நலம் என்று தோன்றிற்று. நாம் செய்த பிழைகளையும் மறைக்காமல் எழுதுகிறோம். பிறருக்கு அவையே மிகுதியும் பயன்படக்கூடும்.

கயாக் வடதுருவத்தை அடுத்த நாடுகளில் பிறந்தது. கிரீன்லாந்து முதலிய இடங்களில் வாழும் இனூயிட் மக்கள், மரத்தாலும் எலும்பாலும் சட்டம் கட்டி, அதன்மேல் சீல் விலங்கின் தோலை இழுத்துத் தைத்து அதைச் செய்தார்கள். அது வேட்டைக்காரன் ஒருவன் செல்லும் படகு. பெண்டு பிள்ளைகளையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் ஏற்றிச் செல்ல, உமியாக் என்னும் அகன்ற வேறொரு படகு வைத்திருந்தார்கள். வேட்டைக்கு ஒன்று, குடும்பத்துக்கு ஒன்று என்று அவர்கள் பிரித்து வைத்ததன் பொருள் நமக்குப் பின்னரே விளங்கியது. மாதச் சம்பளக்காரர் இரண்டு படகு வாங்க இயலுமா? ஒன்றே இரண்டுக்கும் உதவ வேண்டும். நம் தொல்லை அங்கேதான் தொடங்கியது.

நாம் பிறந்தது தூத்துக்குடிப் பக்கம். தூண்டில் ஆசை சிறு வயது முதலே உண்டு. ஆகவே முதலில் நம் கண்ணில் பட்டவை மீன்பிடிப்பதற்கென்றே செய்த கயாக்குகள். உயர்ந்த நாற்காலி, தூண்டில் கோல் செருகத் துளைகள், காலால் மிதித்துச் செலுத்தும் பெடல்! படத்தைப் பார்த்தே மயங்கிப் போனோம். மனைவி அதை வாங்கிப் பார்த்தாள்.

"ஏங்க, இதில் பாப்பா எங்கே உட்காருவாள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

நமக்கு விடை தெரியவில்லை. மீன் எங்கே கிடக்கும் என்பது வரை எண்ணிப் பார்த்த நாம், பிள்ளை எங்கே இருக்கும் என்று எண்ணவில்லை.

பின்னர் விசாரித்தபோது வேறு குறைகளும் தெரியவந்தன. நாற்காலி உயர உயரப் பாரமும் மேலே ஏறும்; படகு எளிதில் ஆடும். பெடலின் இறக்கை படகின் அடியில் நீண்டிருப்பதால், ஆழமற்ற சேற்றிலும் சிப்பிப் பாறையிலும் இடிக்கும். ஜுவாரியின் தென்கரையில் உள்ள சிக்காலிம் விரிகுடாவிலோ சேற்றுக்கும் சிப்பிக்கும் பஞ்சமில்லை. பழைய கோவா வீடுகளின் சன்னல்களில் கண்ணாடிக்குப் பதிலாகப் பதித்திருக்கும் மெல்லிய சிப்பி அங்கே விளைவதுதான்.

வாங்குமுன் இரண்டு மாதம் வாடகைப் படகில் பழகுவது என்று முடிவு செய்தோம். நாம் செய்த நல்ல காரியம் அது ஒன்றே.

கயாக்கில் இருவகை உண்டு. ஒன்றில் படகின் உட்குழிவில் கால் நீட்டி அமர வேண்டும். கவிழ்ந்தால் நீர் நிறைந்துவிடும். மற்றொன்றில் மூடிய தட்டின்மேல் அமர வேண்டும். ஏறிய நீர் துளைகளின் வழியே தானே வடிந்துவிடும். பின்னதைக் கண்டதும் நமக்கு நம் ஊர்க் கட்டுமரம் நினைவுக்கு வந்தது. அதிலும் நீர் தங்குவதில்லை. ஆங்கிலத்தார் தம் மொழியில் எடுத்துக்கொண்ட அச்சொல் தமிழ்ச்சொல் அன்றோ? வெப்ப நாட்டுக்கும் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கும் தட்டின்மேல் அமரும் வகையே ஏற்றது.

அக்டோபர் மாதத்து ஞாயிறு ஒன்றில், அவ்வகை வாடகைப் படகில் நாமும் மனைவியும் ஆறு வயது மகளும் சென்றோம். மூவருக்கும் உயிர்காப்புச் சட்டை இருந்தது. பதினொரு வயது மகனை அண்டை வீட்டாருடன் கரையில் விட்டோம். மீன்பிடிக்கும் ஆவலில் முன்னிருக்கையில் நாம் அமர்ந்துகொண்டோம். படகு தானே வழுக்கிக்கொண்டு மேற்கே சென்றது. நம் கைத்திறன் என்று பெருமைப்பட்டோம். கொடுவாக் குஞ்சு ஒன்றும் அகப்பட்டது.

திரும்பும்போதுதான் உண்மை தெரிந்தது. நம்மைக் கொண்டுபோனது கைத்திறன் அன்று. கடல் வற்றத்தின் ஓட்டம். இருவரும் மூச்சுத் திணற வலித்தும், கரையிலிருந்த தென்னை ஒன்று நின்ற இடத்திலேயே நின்றது. துடுப்பும் துடுப்பும் மோதின. படகு குறுக்கே திரும்பிப் பார்ஜுகள் செல்லும் நடு ஆற்றை நோக்கி ஒதுங்கியது. மகள் அழவில்லை, தாயின் காலை இறுகப் பற்றிக்கொண்டாள். கோவில்பட்டியில் பிறந்த மனைவிக்கு நீந்தத் தெரியாது. அவள் முகத்தைத் திரும்பிப் பார்க்க நமக்குத் துணிவு வரவில்லை.

அப்போது சிறு படகில் வந்த முதிய மீனவர் ஒருவர் கையசைத்து, ஓட்டத்தோடு மல்லாடாமல் ஓரத்துக்குப் போகும்படி இந்தியில் கூவினார். அவர் காட்டிய வழியே அலையாத்தி மரங்களை அடைந்து, கிளையில் கயிற்றைக் கட்டிக் காத்திருந்தோம். ஒன்றரை மணி நேரம் சென்றபின் நீர் நின்றது. பிறகு ஏறத் தொடங்கியது. வந்த வேகத்திலேயே அது நம்மைத் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கரையில் மகன் நின்றிருந்தான். வெறும் ஆற்றையே பார்த்துப் பார்த்து அவன் கண் சிவந்திருந்தது. "அப்பா, எல்லாரும் போயிட்டீங்கன்னு நெனச்சேன்" என்றான். அச்சொல் இன்றும் நம் காதில் ஒலிக்கிறது.

அன்றிரவு மனைவி, "படகே வேண்டாம்" என்று கூறியிருந்தால் நாம் வாய் திறந்திருக்க மாட்டோம். அவளோ மூன்று நிபந்தனைகள் விதித்தாள். கவிழ்ந்தால் மீண்டும் ஏறுவதை இடுப்பளவு நீரில் முதலில் பழக வேண்டும். ஓதம் பாராமல் புறப்படக் கூடாது. எந்தப் பிள்ளையையும் கரையில் தனியே ஏங்கவிடக் கூடாது.

மூன்றாவது நிபந்தனைக்காகக் கணக்குப் போட்டோம். பார்சல் அலுவலகத்தில் எடை எழுதிப் பழகிய கை ஆயிற்றே! படகு தாங்கும் எடை 250 கிலோ என்று எழுதியிருந்தால், அதில் எழுபது விழுக்காட்டுக்கு மேல் ஏற்றாதிருப்பது நலம். மிஞ்சினால் படகு தாழ்ந்து சோம்பிவிடும். ஆக 175 கிலோ. நாம் 72, மனைவி 58, மகள் 21. தூண்டில் பெட்டியும் குடிநீரும் 14. கூட்டினால் 165, சரி. மகளுக்குப் பதில் மகன் வந்தால் அவன் 36; மொத்தம் 180 ஆகிவிடும். பெட்டியைக் கரையில் வைத்துவிட்டுக் குடிநீர் மட்டும் கொண்டுபோனால் கணக்குச் சரியாகும். நால்வரும் சேர்ந்து செல்ல எவ்வகையிலும் இடமில்லை.

இடம் பற்றியும் ஒரு சிக்கல் இருந்தது. பிளாஸ்டிக்கால் வார்த்த படகு ஏறத்தாழ 35 கிலோ எடையும் பன்னிரண்டரை அடி நீளமும் உள்ளது. இரண்டாம் மாடிக் குவார்ட்டர்ஸுக்குப் படிக்கட்டில் ஏறாது. காற்றடைக்கும் படகு அதில் பாதி எடைதான். பையில் மடித்து வைக்கலாம். ஆனால் தூண்டில் முள்ளுக்கும் சிப்பிக்கும் அது அஞ்ச வேண்டும். உப்பு போகக் கழுவி நன்கு உலர்த்தாவிடில் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். ஏரிக்கரை ஊர்களில் வாழும் அன்பர்களுக்கு அது பொருந்தலாம். நம் ஆற்றுக்குப் பொருந்தவில்லை.

முடிவில், நடுவில் சிறுவர் அமர மூன்றாம் இடமும் உள்ள வார்ப்புப் படகையே, மேல்மாடியில் வாழும் சேலத்து நண்பருடன் கூட்டாக வாங்கினோம். தனியே வாங்கினால் ஒரு மாதச் சம்பளம் அப்படியே போயிருக்கும். ஆற்றங்கரை வீடொன்றின் தாழ்வாரத்தில் சிறு வாடகைக்கு வைத்திருக்கிறோம். வெயிலில் கிடந்தால் பிளாஸ்டிக் நொறுங்கத் தொடங்கும். இரு குடும்பங்களும் சேர்ந்தே செல்வதால், ஒரு பிள்ளை நீரில் இருக்கையில் மற்றவை கரையில் விளையாடிக் களிக்கின்றன. எவரும் தனியே நிற்பதில்லை.

இருக்கையையும் மாற்றிக்கொண்டோம். பாரம் மிகுந்தவர் பின்னால் அமர்ந்து திசை திருப்ப வேண்டும். முன்னால் இருப்பவர் வலிக்கும் தாளத்தைப் பின்னவர் பின்பற்ற வேண்டும். பின்னிருப்பவருக்கு முன்னவரின் துடுப்புத் தெரியும். முன்னவருக்குப் பின்னால் கண் இல்லை அல்லவா? மனைவியின் தாளத்துக்கு நாம் இசையத் தொடங்கியது முதல் துடுப்புகள் மோதுவதில்லை.

இனி நாம் கடைப்பிடிக்கும் விதிகளைச் சுருக்கமாகக் கூறுவோம். மர்மகோவாத் துறைமுகத்தின் ஓத அட்டவணையைப் பார்த்து, எதிரோட்டத்தில் புறப்பட்டு உடனோட்டத்தில் திரும்புகிறோம். வற்றமும் ஏற்றமும் ஏறக்குறைய ஆறு மணிக்கொருமுறை மாறும். நாள்தோறும் ஐம்பது நிமிடம்போல் பிந்தும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓட்டம் மிகுதி. கடற்காற்று எழுமுன், முற்பகலிலேயே கரையேறிவிடுகிறோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை படகைத் தொடுவதில்லை. முதலைகள் வாழும் கும்பார்ஜுவா கால்வாய்ப் பக்கம் போவதில்லை. பிள்ளைகளின் உயிர்காப்புச் சட்டையைத் தோள்பட்டையில் பிடித்துத் தூக்கிப் பார்க்கிறோம். அது காதுவரை ஏறினால் அளவு பெரிது.

சென்ற மாதம் மகனின் முறை. தூண்டில் பெட்டி கரையில் இருந்தது. தலைக்குமேல் பருந்து ஒன்று வட்டமிட்டது. வீட்டில் இந்தியிலேயே விடை கூறும் பிள்ளை, "அம்மா, அதுக்குத் தமிழில் என்ன பேர்?" என்று கேட்டான். மனைவி சொன்னாள். பிறகு கொக்கு, நண்டு, சேறு, ஓதம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தான். அன்று நாம் ஒரு மீனும் பிடிக்கவில்லை.

படகு வாங்க எண்ணும் அன்பர்களுக்கு நாம் கூறுவது இதுவே: எத்தனை மீன் பிடிக்கலாம் என்று கேட்டு வாங்காதீர்கள், யார் யார் ஏறுவார்கள், எல்லாரும் எப்படித் திரும்புவார்கள் என்று கேட்டு வாங்குங்கள். அக்கேள்வியை வீட்டில் முதலில் கேட்பவர் யாரோ, அவரையே முன்னிருக்கையில் அமரச் செய்யுங்கள்.