விளையாட்டுக்கு மதிப்பெண் போடுவது எப்படி?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உதிரிபாகம் செய்யும் இடங்களில், ஒரு துளை சரியான அளவில் இருக்கிறதா என்று பார்க்க 'கோ', 'நோ-கோ' கேஜ் உண்டு. ஒரு முனை உள்ளே போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. அவ்வளவுதான்! "துளை அழகாக இருக்கிறது" என்பதற்கெல்லாம் மதிப்பெண் கிடையாது.

கல்வி விளையாட்டுப் போட்டிகளுக்கு இப்படி ஒரு கேஜ் வேண்டாமா?

2021 ஜனவரியில் மத்திய அரசு 'டாய்கேதான்' போட்டியை அறிவித்தது. 17,000-க்கும் அதிகமான யோசனைகள் குவிந்தன. 1,567 தேர்வாகி, ஜூன் 22 முதல் 24 வரை ஆன்லைனில் இறுதிச்சுற்று நடந்தது.

இத்தனை யோசனைகளை எதை வைத்துத் தரம் பிரிப்பது? புதுமை, செலவு, தோற்றம், பாதுகாப்பு... எல்லாம் தேவைதான். ஆனால் இவை அனைத்திலும் முழு மதிப்பெண் வாங்கிய விளையாட்டு, குழந்தைக்கு எதையுமே கற்றுத் தராமல் போகலாம்.

கணக்குக்கு விடை சொன்னால் கார் ஓடும் என்று ஒரு விளையாட்டு. கணக்கை எடுத்துவிட்டாலும் கார் ஓடும். பல்லாங்குழியில் அது முடியாது. எண்ணுவதுதான் அங்கே ஆட்டமே.

ஆக, நடுவர்களுக்கும் இரண்டு முனை போதும். ஆடி முடித்த பிள்ளை, ஆட்டத்தில் வராத புதுக் கணக்கைப் போடுகிறதா? போட வேண்டும். பாடத்தை எடுத்துவிட்டாலும் ஆட்டம் அப்படியே நடக்கிறதா? நடக்கக் கூடாது.

இதற்கு ஸ்லைடு போதாது, பிள்ளைகளை உட்கார வைத்து ஆடவிட வேண்டும். நேரம் பிடிக்கும்தான். ஆனால் கேஜ் விடாத பாகத்தின் குறை அசெம்ப்ளி லைனில் தெரிந்துவிடும். ஆடிப் பார்க்காத விளையாட்டின் குறை? "எனக்குக் கணக்கு வராது" என்று அந்தக் குழந்தைதான் நினைத்துக்கொள்ளும்.