திறந்து மூடத் தக்க கடிகாரம்

புதிய கடிகாரம் ஒன்று என் மேசைக்கு வந்தால் முதலில் திருகுகளைத்தான் பார்ப்பேன். டயலின் அழகு எப்படியும் கண்ணில் படும், அதற்கு அவசரமில்லை. பின்மூடியைக் கழற்றி, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, திருகுத் தலையின் பள்ளம் நேராக வெட்டப்பட்டிருக்கிறதா, அதன் ஓரம் பிசிறில்லாமல் இழைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பேன். அந்த இடத்தில் உழைத்திருக்கும் ஆளுக்கு, இதை ஒருநாள் இன்னொருவர் கழற்றுவார் என்ற நினைப்பு இருந்திருக்கிறது. மலாக்காவில் பல ஆண்டுகளாகக் கடிகாரம் பழுதுபார்த்துவரும் எனக்கு இது உறுதியாகிவிட்டது: திரும்பத் திரும்பத் திறந்து, சரிசெய்து, மூடத் தக்கதாக இருப்பதுதான் இயந்திரக் கடிகாரத்தின் உயர்வு. தங்கமும் வைரமும் அதற்குப் பிறகுதான்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவை தோட்டத்துக் கடிகாரங்கள். 1896இல் டான் சே யான் என்பவர் இங்கே புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்ட பிறகு, ஜாசின், அலோர் காஜா பக்கமெல்லாம் தோட்டங்கள் பெருகின. பால் வெட்ட நம்மவர்கள் வந்தார்கள். பால் நன்றாக ஓடுவது குளிர்ந்த வேளையில்தான். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். அதனால் இருட்டிலேயே பெரட்டுக்கு நிற்க வேண்டும். நேரம் என்பது மணியடிப்பவர் கையிலும் கிராணியின் மேசையிலும் இருந்த பொருள். அப்படிப்பட்ட இடத்தில் சொந்தக் காசில் ஒரு வாட்ச் வாங்கிக் கட்டிக்கொள்வது பெருமைக்கு மட்டுமானதன்று. தன் நேரம் தன் கையில் இருக்கிறது என்ற நிமிர்வும் அதில் உண்டு.

அப்படி வாங்கிய செய்கோ 5களும், பூச்சின்னம் பதித்த டைட்டோனிகளும் இன்று பேரப்பிள்ளைகள் கையில் என்னிடம் வருகின்றன. பின்மூடியின் உட்புறத்தில் ஊசிமுனையால் கீறிய தேதிகளும் எழுத்துகளும் இருக்கும். ஒவ்வொரு சர்வீஸின்போதும் பழுதுபார்த்தவர்கள் இட்ட அடையாளம் அது. ஒரே மூடியில் பலருடைய கையெழுத்தைப் பார்த்திருக்கிறேன். 1982 பிறந்தபோது தீபகற்ப மலேசியாவின் நேரம் அரை மணி முன்னே தள்ளப்பட்டது. அந்த மாற்றத்துக்கு முன்பே ஓடத் தொடங்கி, அதற்காக முள் நகர்த்தப்பட்டு, இன்றும் ஓடும் கடிகாரங்கள் அவற்றில் உண்டு.

இவ்வளவு காலம் ஓடுவது எப்படிப்பட்ட உழைப்பு என்பதை உள்ளே பார்த்தால்தான் தெரியும். இன்றைய சுவிஸ் இயந்திரக் கடிகாரங்களில் பல, மணிக்கு 28,800 முறை துடிக்கின்றன, நொடிக்கு எட்டு. ஒரே நாளில் ஏறக்குறைய ஏழு லட்சம். பேலன்ஸ் சக்கரத்தின் அச்சுமுனை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். சிலவற்றில் அதற்கும் குறைவு. அது சுழல்வது செயற்கை மாணிக்கக் கல்லில் துளைத்த குழிக்குள். அங்கே இட்ட துளி எண்ணெய் காய்ந்துவிட்டால் உலோகம் தேயத் தொடங்கும். ஒரு நாளுக்கு 86,400 நொடிகள். அதில் நான்கு நொடி பின்தங்குவதும் ஆறு நொடி முந்துவதும்தான் சுவிஸ் குரோனோமீட்டர் சான்றிதழுக்கான எல்லை. இத்தனை நுட்பமான ஒன்று கழுவாமல், எண்ணெய் மாற்றாமல் ஓடாது. ஆகவே திறப்பதற்கு இடம் வைப்பது வடிவமைப்பின் ஒரு பகுதி; அதைத் தவிர்க்க வழியே இல்லை.

விலையுயர்ந்த கடிகாரங்களில் நான் வியப்பது இந்த இடத்தில்தான். இயந்திரத்தைத் தாங்கும் தகடுகளின் விளிம்பைச் சாய்வாக அரத்தால் இழைத்து, ஜென்ஷியன் செடியின் தண்டில் வைரப் பசை தடவி மெருகேற்றுகிறார்கள். வெளிவிளிம்பை இயந்திரம் இழைத்துவிடும். இரண்டு சாய்வுகள் உள்நோக்கிக் கூர்மையாகச் சந்திக்கும் மூலையைக் கைதான் செய்ய வேண்டும். எஃகுப் பாகத்தை வெள்ளீயத் தகட்டில் தேய்த்துத் தேய்த்து, ஒரு கோணத்தில் கறுப்பாகவும் மறு கோணத்தில் வெள்ளையாகவும் தெரியும் அளவுக்கு மெருகேற்றுவார்கள். இது வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்கள் உண்டு. விளிம்பில் பிசிறு நின்றால் அது என்றாவது உதிர்ந்து பல்சக்கரத்துக்குள் விழும். அழகும் ஆயுளும் அங்கே ஒரே வேலை.

இந்த நேர்த்தி நமக்கும் புதிதன்று. நம் ஊர் ஜாலான் துக்காங் எமாஸ் பெயரிலேயே தட்டாரைச் சுமக்கும் தெரு. நகையின் பின்பக்கத்தையும் முன்பக்கம்போல முடிக்கும் தட்டாரின் ஒழுக்கமும் ஜெனீவாக் கடிகாரக்காரரின் ஒழுக்கமும் ஒரே குலத்தவை. அதனால்தான் இந்தக் கலை எங்கோ ஆல்ப்ஸ் மலைக்கு மட்டும் உரியது என்று நான் ஒப்புக்கொள்வதில்லை. தமிழ்நாட்டு அரசின் டிட்கோ நிறுவனமும் டாடாவும் 1984இல் சேர்ந்து தொடங்கிய டைட்டன், 2025இல் நெபுலா ஜல்சா என்ற கடிகாரத்தைச் சொந்தத் தயாரிப்பான பறக்கும் தூர்பியோன் என்ற நுட்பமான இயந்திர அமைப்புடன் வெளியிட்டது. மொத்தம் பத்தே கடிகாரங்கள். அப்போது ஒன்றின் விலை ஏறத்தாழ 40 லட்சம் ரூபாய். மலேசியர் ஒருவரின் வடிவமைப்பில் 2017இல் தொடங்கிய மிங், 2019இல் ஜெனீவா கடிகாரப் பரிசுகளில் ஒன்றை வென்றது. டைட்டனின் ஓசூரிலும் மிங்கின் கோலாலம்பூரிலும் இருப்பவர்களுக்கு இது கைவரும் என்பதற்கு இனிச் சான்று தேட வேண்டாம்.

எதிர்த்திசையில் போகும் திறமையும் உண்டு. 2013இல் ஸ்வாட்ச் அறிமுகப்படுத்திய சிஸ்டம்51 மொத்தம் 51 பாகங்களும் நடுவில் ஒரே திருகும் கொண்டது. இயந்திரங்களே கோத்து மூடி முத்திரையிட்டுவிடும். பொறியியலாக அது பெரிய சாதனை. ஆனால் பழுதானால் திறக்க வழியில்லை. மலிவான கடிகாரத்தில் அதை ஏற்றுக்கொள்ளலாம். திறக்கவிடாத அந்த மனப்போக்கு விலையுயர்ந்த கடிகாரத்துக்கும் பரவுவதுதான் எனக்கு வலிக்கிறது. பல நிறுவனங்கள் உதிரிபாகங்களை வெளிக்கடைகளுக்கு விற்பதில்லை. திறக்கத் தக்கதாகச் செய்துவிட்டு, திறக்கும் கைகளுக்குப் பாகம் தர மறுப்பது அந்தத் திருகை இழைத்த தொழிலாளியின் எண்ணத்துக்கே மாறானது.

நம் காலநிலையில் இது இன்னும் கூர்மையான கேள்வி. கடற்காற்று, வியர்வை, வருடம் முழுவதும் ஈரம். சாவியருகே உள்ள ரப்பர் வளையம் இறுகிப்போனால் ஈரம் உள்ளே புகுந்துவிடும். எஃகுத் துண்டுகள் துருவேறும். சில வெள்ளி பெறும் அந்த வளையத்தை உரிய நேரத்தில் மாற்றினால் பல ஆயிரம் வெள்ளி பெறும் இயந்திரம் பிழைக்கும்.

ஆகவே நல்ல கடிகாரம் வாங்க நினைப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது. விலையைக் கேட்கும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதை யார் சர்வீஸ் செய்வார்கள்? எந்த ஊரில்? இருபது ஆண்டு கழித்தும் பாகம் கிடைக்குமா? நேரான பதில் வந்தால் வாங்கி, பிள்ளைக்குக் கொடுங்கள். கேள்விக்கே முகம் சுளித்தால், டயல் எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். பிள்ளைகளில் யாருக்காவது பொறுமையும் உறுதியான கையும் இருந்தால், இந்தத் தொழிலுக்கு அனுப்பத் தயங்காதீர்கள். கட்டுபவர்கள் பெருகிவிட்டார்கள், திறக்கத் தெரிந்த கைகள்தான் தேவை.