சண்டை இல்லாத இதழ்கள்

சூப்பர் ஹீரோ சித்திரக்கதை என்றதும் இடிந்துவிழும் கட்டடங்களும் பறக்கும் மனிதர்களுமே பலருக்கு நினைவுக்கு வரும். அமெரிக்காவின் டிசி நிறுவனம் 1980இல் தொடங்கிய ‘நியூ டீன் டைட்டன்ஸ்’ தொடரிலும் இவற்றுக்குக் குறைவில்லை. ஆயினும் அத்தொடரை நான் மீண்டும் மீண்டும் எடுத்து வாசிப்பது, எவரும் எவரையும் அடிக்காத இதழ்களுக்காகவே.

மார்வ் வுல்ஃப்மன் எழுத, ஜோர்ஜ் பெரேஸ் வரைந்தது அது. குழு என்னவோ பழையதுதான். பெரிய வீரர்களுக்கு உதவியாளர்களாக இருந்த பதின்ம வயதினரை ஒன்றுசேர்த்து 1964இலேயே உருவாக்கப்பட்டது. வுல்ஃப்மனும் பெரேஸும் அதனுடன் சைபோர்க், ஸ்டார்ஃபயர், ரேவன் ஆகிய மூன்று புதியவர்களைச் சேர்த்தனர். பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இடையிலான மனத்தாங்கல் கதையெங்கும் ஓடுகிறது. மகனின் உயிரைக் காப்பதற்காக அவனது உடலில் பாதியை இயந்திரமாக்கிய தந்தையை சைபோர்க் வெறுக்கிறான். ரேவனின் தந்தையோ ஓர் அசுரன். பட்மனின் நிழலிலிருந்து எப்போது வெளியேறுவது என்பது ரொபினின் கவலை.

எனக்கு மிகவும் பிடித்தது 1984 ஜனவரி திகதியிட்ட 38ஆம் இதழ். திருமணத்துக்கு நாள் குறித்திருக்கும் டொனா ட்ரோய்க்குத் தன் பெற்றோர் யாரென்று தெரியாது. குழந்தையாக இருக்கையில் எரியும் கட்டடமொன்றிலிருந்து மீட்கப்பட்டவள். ரொபினாகிய டிக் கிரேசன் அவளுக்காக அந்தத் தேடலில் இறங்குகிறான். அவன் கையில் கிடைக்கும் தடயம் ஒரு பழைய பொம்மை. அந்தப் பொம்மையைப் பின்தொடர்ந்து, மணமாகாத நிலையில் அவளைப் பெற்று, நோயுற்று இறந்துபோன ஓர் இளம் தாயையும், பின்னர் வளர்த்து வறுமையால் பிரிய நேர்ந்த இன்னொரு தாயையும் அவன் கண்டடைகிறான். இரண்டாமவள் உயிரோடிருக்கிறாள். இதழ் முழுவதிலும் வில்லன் என்று எவரும் இல்லை. டிக்குக்கும் டொனாவுக்கும் இடையே காதலும் இல்லை. ஓர் இளைஞனும் இளம் பெண்ணும் வெறும் நண்பர்களாக இருந்துகொண்டு ஒருவருக்காக ஒருவர் இவ்வளவு செய்வதை நமது தொடர்கதைகளிலேயே அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன்.

இந்த நெருக்கத்தைப் பொறுமையாகக் கட்டியெழுப்பியதனால்தான் டெராவின் துரோகம் வாசகரைச் சுடுகிறது. மண்ணையும் பாறையையும் அசைக்கவல்ல டாரா மார்கோவ், பதினாறு வயதுச் சிறுமி. சற்றே எடுப்பான பற்களோடு, பக்கத்து வீட்டுப் பிள்ளை போலவே பெரேஸ் அவளை வரைந்தார். அவள் கூலிக் கொலையாளி ஸ்லேட் வில்சனின் உளவாளி. அவளைத் துரோகியாக்கிச் சாகடிப்பதென்று படைப்பாளர் இருவரும் ஆரம்பத்திலேயே தீர்மானித்திருந்தனர். 1984இல் வெளிவந்த ‘ஜூடாஸ் கொன்ட்ராக்ட்’ கதையில் நண்பர்களுக்கு உண்மை தெரியவருவதற்குப் பல மாதங்கள் முன்னரே வாசகருக்கு அது காட்டப்பட்டுவிடுகிறது. ஆகவே பச்சைநிறப் பையன் கார்ஃபீல்ட் அவளைச் சிரிக்கவைக்க முயலும் ஒவ்வொரு தடவையும் நமக்கு வயிற்றைப் பிசைகிறது.

ஆனால் இந்தக் கதை பற்றி எனக்கொரு முறைப்பாடு உண்டு. டாராவின் வெறுப்புக்கு எவரும் காரணமல்ல, அவள் இயல்பே அப்படி என்று கதை தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. ஸ்லேட் நடுவயதைக் கடந்தவன். அவளோடு தகாத உறவும் வைத்திருந்தவன். அவள் தானே வீழ்த்திய பாறைகளின் கீழ் நசுங்கிச் சாகிறாள். அவனோ 1985இல் வந்த 55ஆம் இதழில், பழிவாங்க வந்த கார்ஃபீல்டுடன் அமர்ந்து பேசி, ஏறக்குறையக் கனவானாகவே எழுந்து செல்கிறான். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வாசிக்கையில் இந்தச் சமரசம் தொண்டையில் சிக்குகிறது. பெரியவர்களின் பிழையைப் பிள்ளைகள் சுமப்பதைப் பற்றியே பேசிவந்த தொடர், தன் மிகப் பெரிய கதையில் பெரியவனைத் தப்பவிட்டது ஏனென்று விளங்கவில்லை.

அத்தீர்ப்பை ஏற்க மறுப்பவன் கார்ஃபீல்ட் ஒருவன்தான். ஸ்லேட்தான் அவளைக் கெடுத்துவிட்டான் என்று அவன் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறான். காதல் கண்ணை மறைக்கிறது என்று நண்பர்கள் அவனுக்காக இரங்குகின்றனர். நான் அவன் பக்கம்.