தொரோங் லா நோக்கி – 1: பையில் எதற்கு இடம்?

2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்த ஹுத்ஹுத் புயல், இரண்டே நாளில் நேபாள மலைகளில் பனியாகக் கொட்டியது. அன்னபூர்ணா, தௌலகிரி வட்டாரத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பலர் தொரோங் லா கணவாயைக் கடக்கப் போனவர்கள். வானம் தெளிந்திருக்கும் என்று நம்பி நடைப்பயணிகள் தேர்ந்தெடுக்கும் மாதம் அக்டோபர். நாங்கள் கிளம்புவதும் அதே மாதத்தில்தான். அதனால் வீட்டில் யார் எதை எடுத்து நீட்டினாலும் ஒரே கேள்விதான் கேட்டோம்: 5,416 மீட்டர் உயரத்தில், காற்று அடிக்கும்போது, இது உதவுமா?

முதலில் வெளியே போனது ஜீன்ஸ். அடுத்து பருத்தி பனியன்கள். நம் ஊர் வெயிலுக்குப் பருத்தியைப் போல ஒன்று கிடையாது. ஆனால் குளிர்மலையில் அது வியர்வையைக் குடித்து, ஈரத்தோடு உடம்பில் ஒட்டிக்கொண்டு, நின்ற நிமிடமே நடுங்க வைக்கும். அதற்குப் பதிலாக உள்ளே தெர்மல், மேலே ஃப்ளீஸ், அதற்கும் மேல் இறகு அடைத்த ஜாக்கெட், வெளியே காற்றும் மழையும் புகாத கோட்டு. இறகு ஜாக்கெட்டை அதன் சிறு பைக்குள் திணித்தால் ஒரு தேங்காய் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. உதறினால் மறுபடி உப்பிக்கொள்கிறது. துருக்கித் துண்டைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்தது ஈரிழைத் துண்டு. எடையே தெரியாது, சீக்கிரம் காயும், கழுத்திலும் சுற்றிக்கொள்ளலாம்.

எடை குறைப்பதைப் பற்றிப் பேசினால் எம்மா கேட்வுட் பாட்டியைச் சொல்லாமல் முடியாது. 1955-ல், தம் 67-வது வயதில், அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை முழுவதையும், 3,200 கிலோமீட்டருக்கு மேல், தனியாக நடந்து முடித்தவர். தோளில் தாமே தைத்த ஒரு துணிப்பை. மழைக்குக் குளியலறைத் திரை. கூடாரமும் இல்லை, ஸ்லீப்பிங் பேக்கும் இல்லை. அவரிடம் கற்க வேண்டியது நிறைய உண்டு. ஆனால் அந்தப் பாதையின் உச்சி சுமார் 2,000 மீட்டர்தான், ஊட்டியைவிடத் தாழ்வு. அவருடைய பையை அப்படியே தொரோங் லாவுக்குக் கொண்டுபோக முடியாது.

உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைப் பை தாண்டக்கூடாது என்பது நடைப்பயணிகளின் பொதுக் கணக்கு. வழி நெடுக விடுதிகள் இருப்பதால் கூடாரமும் அடுப்பும் வேண்டாம். பாட்டில் தண்ணீரை நம்பாமல் குளோரின் மாத்திரை எடுத்துக்கொண்டோம். பவர் பேங்க் குளிரில் சீக்கிரம் சோர்ந்துவிடும் என்பதால் இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும். ஷூ மட்டும் புதிதாக இருக்கவே கூடாது; கொப்புளம் வந்த காலோடு கணவாய் ஏறுவது பெரும் கொடுமை.

பையில் அடங்காத ஒன்றும் உண்டு: நாள். 3,000 மீட்டருக்கு மேல், படுக்கும் உயரத்தை ஒரே நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மருத்துவர்களின் அறிவுரை. அதனால் 3,540 மீட்டரில் உள்ள மனாங்கில் கூடுதலாக ஓர் இரவு தங்குகிறோம். விடுப்பு குறைவு என்று இந்த நாளை வெட்டுகிறவர்களைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது.

இந்தியர்களுக்கு நேபாள விசா தேவையில்லை. பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ போதும். ஆதாரை மட்டும் நம்பிப் போகக்கூடாது. அனுமதிச் சீட்டுக்குப் பாஸ்போர்ட் அளவுப் படங்களும் எடுத்து வைத்தாயிற்று. கோரக்பூர் வரை ரயில், அங்கிருந்து சுனௌலி எல்லைக்குப் பஸ்.

(அடுத்த வாரம்: சுனௌலியிலிருந்து பெசிசஹார்)